லயத்து வீடும் ஜான் லாக்கும்

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. பட்டியலில் தத்துவம் என்று தேடுகிற பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுபவை இஸ்லாமியக் கல்வியோடு சேர்ந்த துறைகள்தாம். யு.கே.எம்.மில் இருக்கும் உசுலுடின், தத்துவத் துறை இஸ்லாமியக் கல்விப் புலத்துக்குள் வருவது. சமயக் கல்வியோடு சேராமல் தத்துவத்தையே தனிப்பாடமாக எடுத்து இளங்கலை முடிக்கும் வழி நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் அரிது. பகாவ் பக்கத்திலிருந்தோ லாபுவிலிருந்தோ ஒரு பிள்ளை "எனக்குத் தத்துவம் படிக்கணும்க்கா" என்று வந்தால் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகும் ஆசை குறையவில்லை என்றால் உட்கார்ந்து பேசலாம். பேச நிறைய இருக்கிறது.

*

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் எல்லா வீட்டிலும் மெட்ரிகுலேஷன் பேச்சுதான். நம் நெகிரி செம்பிலான் மாநிலத்து மெட்ரிகுலேஷன் கல்லூரி கோலப்பிலாவில். ஒரு வருடத்தில் முடிந்துவிடும், செலவு குறைவு, பல்கலைக்கழக இடம் கிட்டத்தட்ட உறுதி. 10 ஏ எடுத்த பிள்ளைகளுக்கு இன வேறுபாடு இல்லாமல் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்த பிறகு நம்பிக்கையும் கூடியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் மெட்ரிகுலேஷனில் இருப்பவை அறிவியல், கணக்கியல், பொறியியல் பிரிவுகள். தத்துவம், வரலாறு, அரசியல் பக்கம் போக நினைக்கிற பிள்ளைக்கு ஆறாம் படிவமே ஏற்ற வழி.

ஆறாம் படிவம் என்றால் தோட்டத்து வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். "இன்னும் ஒன்றரை வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கா?" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்.டி.பி.எம். மூன்று தவணையிலும் கட்டுரை எழுதி எழுதிக் கை பழகும். பொதுப் பாடத்தோடு வரலாறு, தமிழ், பொருளாதாரம் எடுக்கச் சொல்வேன். வரலாறு எடுத்தால் ஆதாரம் கேட்கப் பழகலாம். பொருளாதாரம் பின்னால் வேலை தேடும்போது கைகொடுக்கும். தமிழை விடவே கூடாது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

*

இலங்கையில் ஏ.எல். படிக்கிற பிள்ளை 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடத்தைத் தமிழிலேயே எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பதினேழு வயதில் ஒருவன் எடுகூற்று, முடிவு, போலி நியாயம் என்றெல்லாம் தமிழில் பேசப் பழகிவிடுகிறான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறையே இருக்கிறது. நம் எஸ்.டி.பி.எம்.மில் அப்படி ஒரு பாடம் இல்லை. இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தங்களுக்குள் இருக்கும் இந்தத் திறமையை முன்பே கண்டுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நமக்கு வாய்த்தது நன்னெறிக் கல்வி. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே உண்டு. அதன் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் எஸ்.பி.எம். நன்னெறித் தாளுக்காக ஒரு தலைமுறையே 36 பண்புகளையும் அவற்றின் விளக்கத்தையும் மலாயில் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்தது. நேர்மை என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம், அதை அப்படியே எழுதினால் மதிப்பெண். இரண்டு பண்புகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? அப்பாவுக்குக் கீழ்ப்படிவதும் உண்மை பேசுவதும் ஒரே நாளில் எதிரெதிரே நின்றால் எதை விடுவது? இதைக் கேட்க வகுப்பில் நேரம் இருக்காது. இந்தக் கேள்வி மனத்தில் உறுத்தி, அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகள்தாம் பின்னால் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

*

லாக் பற்றி.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையில் சொத்துக்கு ஒரு நியாயம் சொல்கிறார். நிலம் முதலில் யாருக்கும் தனியுடைமை இல்லை. ஒருவன் தன் உடலுழைப்பை அதில் கலக்கும்போது அது அவனுடையதாகிறது. அவன் உழைப்பு அவனுடையது என்பதால் உழைப்பு கலந்ததும் அவனுடையதே. பிறருக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைக்கிறார்.

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் கண்கள் விரியும். "அப்படின்னா தாத்தாவோட தாத்தா காடு வெட்டின நிலம் எங்களுக்குத்தானே?" என்று ஒரு பெண் கேட்டாள். காடழித்து, ரப்பர் நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டி, பின்பு செம்பனைக் குலை தள்ளிய குடும்பம் அவளுடையது. இன்றும் லயத்து வீட்டில் இருக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவசரப்படாதே, அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் படி என்றேன். சில வரிகள் தள்ளி லாக் ஓர் உதாரணம் தருகிறார். தன் குதிரை மேய்ந்த புல்லும் தன் வேலையாள் வெட்டிய புல்தரைத் துண்டும் தனக்கே சொந்தம் என்று சொல்லிவிடுகிறார். வேலையாளின் உழைப்பு எசமானின் கணக்கில் ஏறிவிடுகிறது. குதிரையையும் வேலையாளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கூலி வாங்கிக்கொண்டால் உழைப்பு கைமாறிவிடுமா, அப்படியானால் எவ்வளவு கூலி கொடுத்தால் நியாயமாகக் கைமாறியதாகும், கடனைக் காட்டிக் கப்பலேற்றி அழைத்து வரப்பட்டவன் ஒப்புக்கொண்டதை ஒப்புதல் என்று சொல்லலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். இதே கேள்விகளைத்தான் அரசியல் தத்துவம் மூன்று நூற்றாண்டுகளாக லாக்கிடம் கேட்டு வருகிறது. அவள் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், தன் வீட்டு வாசற்படியிலிருந்து கேட்டாள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளச் சொன்னேன். 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம், முதலாளி தரும் குடியிருப்பு குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தண்ணீர், மின்சாரம், இடவசதி எல்லாம் அதில் வரும். வேலை முடிந்த பிறகு அந்த வீட்டில் யாருக்கு என்ன உரிமை என்பது வேறு கேள்வி. சட்டம் விட்ட இடத்தில் நியாயம் பேச வேண்டியிருக்கிறது. ஓர் உதாரணம்: 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. நெகிரி செம்பிலானில் பெரிய பெரிய தோட்டங்களை வைத்திருந்த நிறுவனம் அது. நாட்டுக்குப் பெருமையான நாள்தான். மறுநாள் காலை பெரட்டுக்கு நின்றவர்களின் வீட்டுரிமையில் என்ன மாறியது என்று கேட்கிற ஆளும் நமக்கு வேண்டும்.

நம்மைப் பற்றி ஆய்வேடுகள் நிறைய வந்திருக்கின்றன. வறுமை, குடி, பள்ளியிலிருந்து நின்றுபோவது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குகளுக்கு அடியில் இருக்கும் நியாய அநியாயத்தைத் தொழில்முறையாக வாதிடத் தெரிந்த ஆள் நம்மிலிருந்து போதிய அளவு வரவில்லை. இந்தப் பட்டத்தின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பது அதனால்தான்.

*

பல்கலைக்கழகம் போனதும் அளவையியலை முதல் தவணையிலேயே எடுத்துவிட வேண்டும். சின்னப் பயிற்சி ஒன்று:

"உழைத்தவன் முன்னேறுவான். இவன் முன்னேறவில்லை. ஆகவே இவன் உழைக்கவில்லை." பிள்ளைகள் கோபத்தோடு "இது தப்பான வாதம்" என்பார்கள். வாதத்தின் கட்டமைப்பில் தப்பே இல்லை. முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவது உண்மையாகியே தீரும். பொய் இருப்பது முதல் வரியில். அங்கேதான் கை வைக்க வேண்டும்.

"உழைத்தவன் முன்னேறுவான். அவன் முன்னேறியிருக்கிறான். ஆகவே அவன் உழைத்திருக்கிறான்." இது கேட்க நன்றாக இருக்கும், கட்டமைப்பே ஓட்டை. முன்னேற வேறு வழிகளும் உண்டு.

நம் சமூகத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் பாதி இந்த இரண்டு வாதங்களில் நிற்கிறது. சோம்பேறி உள்ளூர்வாசி என்ற கட்டுக்கதையைப் பற்றி சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் எழுதிய நூலை இதோடு சேர்த்துப் படிக்கலாம். குடியேற்ற அரசும் தோட்ட முதலாளிகளும் அந்தக் கதையால் என்ன பயன் பெற்றார்கள் என்று அவர் காட்டுகிறார்.

*

தமிழை விடக் கூடாது என்றேனே. மணிமேகலை 27-ஆம் காதையில் அளவைவாதியில் தொடங்கி ஒவ்வொரு சமயவாதியும் தன் தரப்பைச் சொல்கிறான். 29-ஆம் காதையில் பௌத்த அளவையியல் பாடமாகவே வருகிறது. எது பிழையான ஏது, எது பிழையான எடுத்துக்காட்டு என்று வகைபிரித்துச் சொல்லியிருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 எதிர்த்தரப்புகளை எடுத்துவைத்து மறுக்கிறார். மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம் அதில் இருக்கிறது. கோயிலில் திருமுறை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இந்த நூலின் பெயராவது தெரிந்திருக்கும். அதற்குள் வாதம் இருப்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பெரியார் 1929-லும் 1954-லும் இங்கே வந்து பேசியபின் எழுந்த சச்சரவுகளையும் இந்த வரிசையில் வைத்துப் படிக்கலாம். தாத்தா காலத்துத் தோட்டத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று பேசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். பள்ளிச் சொற்போர் மேடை அதன் தொடர்ச்சி.

*

எங்கே படிப்பது. மனத்தில் உள்ளபடி எழுதுகிறேன்.

அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கு மலாயாப் பல்கலைக்கழக அறிவியல் புலத்தில் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுத் துறை இருக்கிறது. அறிவியலின் வரலாறும் தத்துவமும் அங்கே பாடம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. கலைப்பிரிவுப் பிள்ளை இந்திய ஆய்வியல், வரலாறு, சமூகவியல், அரசியல் என ஒன்றை எடுத்து, தத்துவத் தாள்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று பாடத்திட்டத்தைத் துருவிப் பார்க்க வேண்டும். 2019/2020 கல்வியாண்டு முதல் தித்தாஸ் (இஸ்லாமிய, ஆசிய நாகரிகங்கள்) பாடத்துக்குப் பதிலாக வந்தவற்றில் 'தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும்' என்பது ஒன்று. எல்லாரும் எடுத்தாக வேண்டிய இரண்டு கிரெடிட் பாடம். பலர் அதை ஒப்புக்குப் படித்துத் தள்ளுகிறார்கள். தத்துவ ஆசை உள்ள பிள்ளை அந்த விரிவுரையாளரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசிக்க என்ன தருவீர்கள் என்று கேட்டால் மகிழாத ஆசிரியர் கிடையாது. மலாயில் நல்ல தத்துவக் கட்டுரை எழுதப் பழகவும் அதுவே இடம்.

வீட்டிலிருந்து போய்வர வேண்டிய நிலைமை என்றால் கொமுட்டர் ரயில் தடத்தையும் சேர்த்து யோசிக்கலாம். சிரம்பான், தீரோய், லாபு, நீலாய், பத்தாங் பெனார் என்று போகும் அதே தடத்தில் யு.கே.எம். நிலையம் இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி எல்.ஆர்.டி. மாறினால் மலாயாப் பல்கலைக்கழகம். விடுதிச் செலவு இல்லாத மூன்று ஆண்டு என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ரயிலில் வாசிக்கவும் முடியும்.

தத்துவமேதான் வேண்டும் என்றால் பக்கத்தில் சிங்கப்பூர். என்.யு.எஸ்., என்.டி.யு. இரண்டிலும் தத்துவத்தில் பட்டம் உண்டு, எஸ்.டி.பி.எம். முடிவை என்.யு.எஸ். ஏற்கும், போட்டி கடுமை. கல்விக் கட்டண மானியம் எடுத்தால் பட்டம் முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த மூன்று ஆண்டு சுமையாகப் படாது என்பது என் எண்ணம். சம்பளமும் அனுபவமும் சேரும். சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியும் விவேகானந்தா கல்லூரியும் தத்துவத்துக்குப் பழைய பெயர் பெற்றவை. மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராதாகிருஷ்ணன் மெய்யியல் நிறுவனம்.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்குத்தான். வெளிநாடு போகிற பிள்ளை அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. அதன் நிபந்தனைகள் மாறக்கூடியவை. கையெழுத்துப் போடும் வருடத்து விதியைப் படித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் இங்கே அரசாங்க வேலைக்குச் செல்லுமா என்பதைக் கல்வித்தகுதி முகமையான எம்.கியூ.ஏ.விடம் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். திரும்பி வந்து கேட்டுக் கலங்கி நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

*

அந்த மெய்யியல் நிறுவனத்துக்குப் பெயர் தந்த இராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்தது திட்டம் போட்டு அல்ல. படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் தத்துவப் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார், அதனால் அதுவே பாடமாயிற்று. புத்தகம் வாங்கக் காசில்லாத நிலை. இதை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் லயங்களிலும் பிள்ளைகள் அப்படித்தான் துறையைத் தேர்கிறார்கள்: பக்கத்து வீட்டு அண்ணன் கணக்கியல் எடுத்தான், அவனுடைய புத்தகம் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் தத்துவம் படித்தவர் ஒருவர் இருந்து, அவருடைய புத்தகங்கள் ஓர் அலமாரியில் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வழி தெரியும். பகாவ், கெமஞ்சே, போர்ட்டிக்சன் என்று இடத்துக்கு ஓர் அலமாரி போதும்.

*

நம் பக்கத்து உதாரணம் ஒருவர்: சி. இராஜரத்தினம். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்து, சிரம்பான் பக்கம் வளர்ந்தவர். அப்பா ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். சிரம்பான் செயின்ட் பால்ஸ் பள்ளி, பின்பு கோலாலம்பூர் விக்டோரியா, சிங்கப்பூர் ராஃபிள்ஸ். 1930-களில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சட்டம் படிக்கப் போனார். போர் வந்து வீட்டுப் பணம் நின்றுபோனது, பட்டம் முடியவில்லை. லண்டனில் வாசித்தார், வாதிட்டார், எழுதிப் பிழைத்தார். திரும்பி வந்து பத்திரிகையாளர். 1957-இல் மலாயா வானொலிக்கு ஒரு தொடர் நாடகம் எழுதினார். இத்தனை இனங்கள் ஒரே தேசமாக முடியுமா என்று பாத்திரங்கள் எதிரும் புதிருமாக வாதிடுவார்கள். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1966-இல் அந்நாட்டு உறுதிமொழியின் வரைவு அவர் கையால் எழுதப்பட்டது.

அவர் கதையை வைத்துப் பட்டம் தேவையில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. மேற்பார்வையாளர் வீட்டுப் பிள்ளைக்கு இருந்த வசதி பால் வெட்டுகிறவர் பிள்ளைக்கு அன்று இல்லை. நான் எடுத்துக்கொள்வது வேறு. தத்துவப் பழக்கம் அவரிடம் சோறு போடுகிற ஒரு தொழிலோடு சேர்ந்தே இருந்தது: எழுதுவது. ஒவ்வொரு நாளும், குறித்த நேரத்துக்குள், எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

*

"அது படிச்சா மாசம் எவ்ளோ கெடைக்கும்மா?" அம்மாக்கள் கேட்கும் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர் கேட்காமல் யார் கேட்பார்?

தத்துவம் படித்தவர்கள் அமெரிக்கப் பட்டமேற்படிப்புத் தேர்வுகளில் மொழியிலும் எழுத்திலும் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்று கட்டுரைகளில் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் நன்றாக வாசிக்கிறவர்கள்தாம் முதலிலேயே தத்துவத்துக்குப் போகிறார்கள் என்றும் இருக்கலாம். அந்த மதிப்பெண்ணை அம்மாவிடம் காட்டி வாக்குக் கொடுக்க மாட்டேன்.

காட்டக்கூடிய வழிகள் இவை. நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலைக்கு எந்தத் துறையின் சிறப்புப் பட்டமும் செல்லும், எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் வேண்டும், தேர்வும் நேர்காணலும் பல கட்டம். தத்துவம் படித்த பிள்ளைக்கு அந்தக் கட்டுரைத் தாள் பயமில்லை. சட்டத்துறை என்றால் சட்டப் பட்டமே வேண்டும். தத்துவம் முடித்து நேராக வழக்கறிஞர் தகுதித் தேர்வான சி.எல்.பி. எழுத முடியாது, ஆகையால் வழக்கறிஞர் ஆசை உறுதியாக இருந்தால் சட்டத்தையே எடுத்து, சட்டத் தத்துவத்தை அதற்குள் தேடலாம். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, கொள்கை ஆய்வு நிறுவனங்கள், தொழிற்சங்க ஆய்வுப் பணி எல்லாம் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் சுமார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று நம் வாசலிலேயே வளர்கிற வேலை. நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, ஆர்.எஸ்.பி.ஓ., 2004-இல் தொடங்கியது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயைத் தடுத்தது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்தபின் 2023-இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு தொழிலாளர் நலன், நெறி, தணிக்கை என்று தோட்ட நிறுவனங்கள் ஆள் தேடுகின்றன. இன்று லயத்தில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கடன் பட்டு வந்தவனின் ஒப்புதல் ஒப்புதலா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு இந்த வேலையில் பேச விஷயம் இருக்கும். ஆனால் அறநெறி தெரிந்தால் மட்டும் போதாது. தொழிலாளர் சட்டம், கொஞ்சம் புள்ளியியல், நேர்காணல் எடுக்கும் முறை இவற்றைப் படிக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வங்காளமோ இந்தோனேசிய வழக்கோ நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் இன்னும் நல்லது.

முதல் ஆண்டு விடுமுறையிலேயே எங்காவது வேலைப் பழக்கம் தொடங்கிவிட வேண்டும். மூன்றாம் ஆண்டுத் தொழிற்பயிற்சி வரை காத்திருந்தால் நேரம் போதாது. தவணைக்கு ஒரு கட்டுரையாவது பொதுவாசகருக்கு எழுதி வெளியிட வேண்டும், தமிழிலோ மலாயிலோ. நேர்காணலில் பட்டத்தின் பெயரைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறவர் முன்னால் வைக்க அதுதான் கையில் இருக்கும். பேராசிரியர் ஆகும் கனவு இருந்தால் முனைவர் பட்டம் வரை உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகலாம். கடன் வாங்கி அந்தப் பாதையில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

லாக் படித்த பெண்ணுக்கு யு.பி.யு. வரிசை இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு அவள் எழுதி வைத்திருப்பது: முதலில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, அடுத்து யு.கே.எம்.மில் சமூகவியல், அதோடு தனியே என்.யு.எஸ். விண்ணப்பம். பொருளாதாரத்தையும் ஒரு தேர்வாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். என்.யு.எஸ். கட்டுரைக்கு 446-வது சட்டத்தையும் லாக்கின் வேலையாளையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். முதல் வரைவில் கோபம் அதிகம், எதிர்த்தரப்பு வாதம் ஒரே வரி. தோட்ட நிர்வாகி ஒருவர் தன் பக்கத்தை எப்படிச் சொல்வாரோ அதை ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். பரபக்கத்தை முதலில் படிக்கிறேன்க்கா என்றாள்.